டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை: தொடர்வதா, மாறுவதா? முழுமையான வழிகாட்டி

ஒரு காய்ச்சலுக்கோ தொண்டை வலிக்கோ போன இடத்தில் டாக்டர் சிடுசிடுத்தால் அடுத்த முறை வேறு கிளினிக்குக்குப் போய்விடலாம். அதற்கு யோசனையே தேவையில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே டாக்டரிடம் போயாக வேண்டிய நோய்களில்தான் இது சிக்கலாகிறது: சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், வலிப்பு, புற்றுநோய், மனநலம், அப்புறம் கர்ப்ப காலம். அங்கே டாக்டரை மாற்றினால் மருந்து, ரிப்போர்ட், காப்பீடு, நாள் கணக்கு எல்லாமே கூடவே நகர வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. "பேச்சுதான் அப்படி, கைராசிக்காரர்" என்று சொல்லிக்கொண்டு பல வருடம் பயந்து பயந்து போய்வருவது ஒன்று. ஒரு நாள் எரிந்து விழுந்தார் என்பதற்காக, நடு சிகிச்சையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது இன்னொன்று. இரண்டிலும் கேடு உடம்புக்குத்தான். டாக்டர் இனிமையானவரா கடுமையானவரா என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர் பழகும் விதத்தால், நீங்கள் சொல்ல வேண்டியது அவர் காதுக்குப் போகாமல் நின்றுவிடுகிறதா? அவர் சொல்ல வேண்டியது உங்களுக்கு வராமல் நின்றுவிடுகிறதா? இதைத்தான் பார்க்க வேண்டும். கடுமையாகப் பேசியும் இந்தப் போக்குவரத்து தடைபடாத டாக்டர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே அதை முழுக்க அடைத்துவிடுகிறவர்களும் உண்டு.

படி 1: குறை யாருடையது என்று பிரித்துப் பாருங்கள்

"அந்த டாக்டர் சரியில்லை" என்று சொல்லும்போது அதற்குள் பல பேருடைய குறை கலந்திருக்கும். டோக்கன் போட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது, வரவேற்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பில் கட்ட மாடிக்கும் கீழுக்கும் அலையவிட்டது எல்லாம் சேர்ந்து, உள்ளே போகும் முன்பே மனம் கசந்திருக்கும். அன்று நடந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஆஸ்பத்திரி', 'நேரம்', 'வீட்டார்', 'டாக்டர்' என்று குறியுங்கள்.

பெரும்பாலும் 'ஆஸ்பத்திரி' என்றே வந்தால், டாக்டரை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். ஒரே டாக்டர் காலையில் ஒரு பெரிய மருத்துவமனையிலும் மாலையில் சொந்த கிளினிக்கிலும் பார்ப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். கூட்டத்தில் முகமே பார்க்காதவர் மாலையில் நிதானமாகப் பேசக்கூடும். ஆனால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சைக்கே "சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க" என்று ஒருவர் தள்ளினால் அது வேறு விஷயம். அதற்குப் பணிந்து போக வேண்டியதில்லை.

'நேரம்' என்று குறித்தவற்றைக் கொஞ்சம் இரக்கத்தோடு பாருங்கள். 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்கும் சராசரி நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், பங்களாதேஷில் 48 நொடி. நம் ஊர் ஓபி எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. பேச ஆரம்பித்ததும் டாக்டர் குறுக்கிடுவதும் உலகம் முழுக்க இருக்கும் பழக்கம்தான். அமெரிக்காவில் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தபோது, குறுக்கிடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 11 நொடிகூடக் கிடைக்கவில்லை. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை எம்.பி.பி.எஸ். படிப்பின் கட்டாயப் பகுதியாக இந்தியா சேர்த்ததே 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான். அதற்கு முன் படித்தவர்கள் இதைத் தாமாகவே கற்றுக்கொண்டால்தான் உண்டு. ஆகவே அவசரப்படுத்தினார், குறுக்கிட்டார் என்பது மட்டும் மாறுவதற்குப் போதுமான காரணம் ஆகாது.

'வீட்டார்' என்று ஏன் எழுதச் சொல்கிறோம்? புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோய்களில் மகனோ மகளோ தனியாக உள்ளே போய், "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொள்வது நம்மிடையே நிறைய நடக்கிறது. அதன் பிறகு அப்பா எதைக் கேட்டாலும் டாக்டர் மழுப்புவார், கண்ணைப் பார்க்க மாட்டார், பேச்சைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவார். அப்பாவுக்கோ "இந்த டாக்டர் என்னை மனுஷனாவே மதிக்கல" என்று தோன்றும். இந்தச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், எது இருந்தாலும் எனக்கே சொல்லுங்க. தெரிஞ்சிக்கணும்னு நான்தான் கேக்குறேன்." பல நேரம் அடுத்த நிமிடமே அவர் பேசும் விதம் மாறிவிடும்.

படி 2: மூன்று கேள்விகள்

மிச்சம் உண்மையாகவே 'டாக்டர்' என்று குறித்தவை. அவற்றின் எடையை அறிய இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: போன தடவை அவரிடம் எதை மறைத்தேன்? மூன்றில் இதுதான் முக்கியம். ஏன் என்று ஒரு சர்க்கரை நோயாளியை வைத்துப் பார்ப்போம். மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறார். சொன்னால் திட்டு விழும் என்று "தவறாம சாப்பிடறேன் டாக்டர்" என்கிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9க்கு மேல் வருகிறது. முழு டோஸ் சாப்பிட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று நம்பும் டாக்டர், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார் அல்லது இன்சுலின் சேர்க்கிறார். ஊரிலிருந்து வந்த மகள் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து எல்லா மாத்திரையையும் வேளாவேளைக்குக் கொடுக்கிறாள். சர்க்கரை 70க்குக் கீழே விழுந்து, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறுகிறது. இங்கே டாக்டரின் மருத்துவ அறிவில் ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கிடைத்த தகவல் பொய். அதைப் பொய்யாக்கியது அவருடைய சிடுசிடுப்பு.

இரத்த அழுத்தத்திலும் இதேதான். டாக்டரைக் கண்டாலே படபடப்பவருக்கு அங்கே எடுக்கும் அளவு ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து மாத்திரை கூட்டினால், வீட்டில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இந்தச் சந்தேகம் இருந்தால் 7 நாள் வீட்டில் அளந்து பாருங்கள். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, மேல்கைப் பட்டை உள்ள கருவியில். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுங்கள். கிளினிக்கில் 140/90 என்பதற்கு இணையான வீட்டு அளவு 135/85. வீட்டில் அதற்கும் கீழே, கிளினிக்கில் மட்டும் 160 என்று வந்தால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

குடி, புகை, நாட்டு மருந்து, சித்த மருந்து, வேறு டாக்டரிடம் வாங்கிய ஊசி, தாம்பத்தியத்தில் உள்ள சிக்கல், தற்கொலை எண்ணம்: பயத்தால் மறைக்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். இதில் ஒன்றை அடுத்தடுத்து இரண்டு தடவை மறைத்திருந்தால், உங்கள் சிகிச்சை ஏற்கனவே பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்கு என்ன தெரியும்? நோயின் பெயர், ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும், அடுத்த ரிவியூ எப்போது. இந்த நான்கையும் உங்கள் வாயால் சொல்ல முடிந்தால், டாக்டர் எப்படிப் பேசியிருந்தாலும் வேலை நடந்திருக்கிறது. மூன்றாவதைச் சொல்ல முடியவில்லை என்றால் கவலைப்படுங்கள். ஆபத்தான அறிகுறியைச் சொல்லாமல் விடுவதுதான் பின்னால் பெரிய விலை கேட்கும்.

மூன்றாவது கேள்வி: என்னைப் பார்த்தாரா, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தாரா? வயிற்று வலிக்கு வயிற்றில் கை வைக்காமல், சர்க்கரை நோயாளியின் பாதத்தை வருடம் ஒரு முறைகூடப் பார்க்காமல், மூச்சு வாங்குகிறது என்றவருக்கு ஸ்டெதஸ்கோப் வைக்காமல் எழுதித் தள்ளுவது பேச்சுக் குறை அல்ல, வைத்தியக் குறை. இதற்கு எடை அதிகம்.

இதே மூன்று கேள்விகளை இனிக்க இனிக்கப் பேசும் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். சாதாரண சளிக்கு ஒவ்வொரு முறையும் ஊசி, ஆன்டிபயாட்டிக், 'தெம்புக்கு' ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்று ஏற்றிவிட்டுத் தோளில் தட்டி அனுப்புகிறவர் நல்ல டாக்டர் ஆகிவிட மாட்டார். அதேபோல் எந்த வேலைக்காக அவரிடம் போகிறோம் என்பதையும் பாருங்கள். பித்தப்பைக் கல்லை எடுக்கும் அறுவை நிபுணரை நீங்கள் நான்கைந்து முறைதான் சந்திப்பீர்கள். கை தேர்ந்தவர், அபாயத்தை மறைக்காமல் சொல்கிறார் என்றால் வறட்டுப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம். மனநல மருத்துவர், மகப்பேறு மருத்துவர், சர்க்கரை மருத்துவர் விஷயத்தில் அப்படியில்லை. அங்கே பேச்சே சிகிச்சையின் பாதி.

படி 3: காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய இடங்கள்

சில நடத்தைகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத் தேவையில்லை. சாதி, மதம், உடல் பருமன், கல்யாணம் ஆகாமல் கர்ப்பம், எச்.ஐ.வி. என்று எதையாவது சொல்லி இழிவுபடுத்துவது. உங்கள் நோயை மற்ற நோயாளிகள் முன்னால் உரக்கச் சொல்வது. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்டும் மறுப்பது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதை உரிமையாகவே சொல்கிறது. தொடுகை தவறாகப் பட்டால் அது டாக்டரை மாற்றும் விஷயம் மட்டுமல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் காவல்துறையும் அதற்குத்தான் இருக்கின்றன.

"செகண்ட் ஒப்பீனியன் போனா இங்க திரும்ப வராதீங்க" என்று மிரட்டுவதும் இந்த வகைதான். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை என்று அதே சாசனம் சொல்கிறது. அவர் சொன்ன லேபில் மட்டும்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று, காரணம் சொல்லாமல் கட்டாயப்படுத்துவதற்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன், என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாமல் "இதுல கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினால் போடாதீர்கள். 2008இல் சமீரா கோலி வழக்கில், ஒரு பரிசோதனைக்குப் பெற்ற ஒப்புதலை வைத்து உறுப்பையே அகற்றியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளக்கம் சொல்லிப் பெறுவதுதான் ஒப்புதல். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள அவசரத்தில் மட்டும் விதிவிலக்கு.

படி 4: இரண்டு ரிவியூ பார்க்கலாம்

மேலே சொன்னவை எதுவும் இல்லை, ஆனால் மனம் ஒட்டவில்லை என்றால் இன்னும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஆனால் போகும் விதத்தை மாற்றிக்கொண்டு போங்கள்.

கூட்டம் குறைவான நாளில் முதல் டோக்கனோ கடைசி டோக்கனோ போடுங்கள். திங்கட்கிழமை காலை வேண்டாம். ஒரு தாளில் மூன்றே மூன்று கேள்விகள் எழுதுங்கள். மிக முக்கியமானது முதலில் இருக்கட்டும். கையைக் கதவில் வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், நெஞ்சுல ஒரு மாதிரி..." என்று ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். கூடவே ஒரே ஒரு ஆளை அழைத்துப் போங்கள். அவர் வேலை கேட்பது, எழுதுவது மட்டும். நான்கு பேர் உள்ளே நுழைந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டால் எந்த டாக்டரும் எரிந்துதான் விழுவார்.

உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "டாக்டர், மூணு விஷயம் கேக்கணும், எழுதிட்டு வந்திருக்கேன்." இத்தனைதான் என்று தெரிந்தால் டாக்டருக்கு அவசரம் குறையும். மறைத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் காரணத்தோடும் ஒரு கேள்வியோடும் சொல்லுங்கள்: "ராத்திரி ஷிஃப்ட் வர்ற நாள்ல மாத்திர போட முடியல டாக்டர், வாரத்துல ரெண்டு நாள் விட்டுடுது. நேரத்த மாத்திக்கலாமா?" வெறுமனே "விட்டுட்டேன்" என்றால் திட்டு வரும். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். கிளம்பும் முன்: "நான் புரிஞ்சிக்கிட்டத சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க." நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, தவறு இருந்தால் அங்கேயே பிடிபடும்.

இரண்டாவது ரிவியூவில் விஷயத்தையே பேசிவிடலாம்: "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்க கோபமா பேசுனா சொல்ல வந்தது எனக்கு மறந்துபோயிடுது. கொஞ்சம் நிதானமா சொன்னீங்கன்னா சரியா கடைப்பிடிச்சிடுவேன்." இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும்.

இதற்கு வரும் பதிலில்தான் முடிவு இருக்கிறது. "கூட்டம்மா, என்ன பண்றது, சரி சொல்லுங்க" என்றால் அவர் கேட்டுக்கொண்டார். தொடரலாம். முகத்தில் மாற்றம் இல்லாவிட்டாலும் கேள்விகளுக்குப் பதில் வந்தால் தொடரலாம். "நான் டாக்டரா, நீங்க டாக்டரா?", "கூகுள் பாத்துட்டு வந்து என்கிட்ட கேக்காதீங்க" என்று கேள்வியையே வெட்டினால், அடுத்த ரிவியூவும் இப்படித்தான் இருக்கும். படி 5க்குப் போங்கள்.

படி 5: எப்போது மாறக் கூடாது

முடிவு எடுத்த நாளும் மாறும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் ரிவியூவுக்குப் போகாமல் விடுகிறார்கள், மாத்திரை தீர்கிறது, புது டாக்டரைத் தேடுவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது.

திடீரென்று நின்றால் ஆபத்தான மருந்துகள் சில உண்டு. வலிப்பு மாத்திரை நின்றால் வலிப்பு தொடர்ந்து வரலாம். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் இரத்த அழுத்தம் விழும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் அடினோலால், மெட்டோபிரோலால் வகை நின்றால் இதயத் துடிப்பு எகிறி நெஞ்சு வலி வரலாம். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். மனநல மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், இன்சுலின், மாற்று உறுப்புக்கான மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் சேரும். இவற்றில் எதையாவது எடுப்பவர், கையில் குறைந்தது 15 நாள் மருந்து இருக்கும்போதே புது டாக்டரின் முதல் அப்பாயின்ட்மென்ட்டை முடித்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் எடுப்பவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டையும், அடுத்த பரிசோதனைத் தேதியையும் கையில் வைத்துக்கொண்டே மாற வேண்டும்.

கீமோதெரபியில் ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் நாள் கணக்கு உண்டு. அதைத் தவறவிடாதபடி, ஒரு சுழற்சி முடிந்த கையோடு புது இடத்தில் பேசி, அடுத்த தேதியை உறுதி செய்த பிறகே நகருங்கள். அறுவை சிகிச்சை ஆனவர் தையல் பிரித்து முதல் ரிவியூ முடியும்வரை செய்தவரிடமே போவது நல்லது. உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். காசநோய் சிகிச்சையில் ஒரு நாளும் இடைவெளி கூடாது. அரசின் காசநோய்ப் பதிவு எண்ணான நிக்ஷய் எண் இருந்தால் வேறு ஊரிலும் அதே சிகிச்சையைத் தொடர முடியும்.

கர்ப்பிணிகள் மாறுவதென்றால் சீக்கிரம் மாறுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் குறை கண்டறியும் ஸ்கேன் முடிந்த கையோடு மாறுவது வசதியான நேரம். 36 வாரத்துக்கு மேல் போனால் பல தனியார் மருத்துவமனைகள் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும். இரத்தக் கொதிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, முன்பு சிசேரியன் ஆனவர்கள் என்றால் அந்தத் தயக்கம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட கட்டத்தில் இருப்பவர், அதே மருத்துவமனையில் வேறு டாக்டர் பார்க்க முடியுமா என்று கேட்பது பாதுகாப்பான வழி. ரிப்போர்ட் எல்லாம் அங்கேயே இருக்கும், ரத்த வங்கியும் குழந்தைப் பிரிவும் மாறாது.

படி 6: கையில் இருக்க வேண்டிய தாள்கள்

புறநோயாளிக்குப் பெரும்பாலும் எல்லாச் சீட்டும் நம்மிடமே இருக்கும். தேதி வாரியாக அடுக்கினால் போதும். உள்நோயாளியாக இருந்தவர் மருத்துவமனையிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புது விதிமுறைகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய 2002 விதிமுறைகளே திரும்பவும் நடைமுறைக்கு வந்தன.

வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். எழுதிக் கொடுங்கள்:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. நான் உங்கள் மருத்துவமனையில் (ஐ.பி. எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி) சிகிச்சை பெற்றேன். என் சிகிச்சை ஆவணங்கள் முழுவதன் நகலும், டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் உட்பட, தேவைப்படுகின்றன. 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறை 1.3.2இன்படி 72 மணி நேரத்துக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தாளோடு முடியாத சில உண்டு. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோகிராம் எடுத்தவர்கள் ஃபிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேளுங்கள். புது டாக்டர் தானே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க அதுதான் வேண்டும். புற்றுநோய்க்கு பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பெரிய புற்றுநோய் மையங்கள் பிளாக்கைத் தாங்களே மறுபடி பார்த்த பிறகுதான் சிகிச்சை தொடங்கும். இதை மறந்துவிட்டு ஊரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வருகிற குடும்பங்கள் ஏராளம். ஈ.சி.ஜி. தாள் வெப்பத் தாளாக இருந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், மூட்டு வைத்தவர்கள் அதன் ஸ்டிக்கரோ அட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிக்கு, கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கிடைத்த 12 இலக்க பிக்மி எண். அது டாக்டரோடு இல்லை, தாயோடு வரும் எண். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

காப்பீடு உள்ளவர்கள் புது மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையிடம் கேட்பதோடு நிற்காமல் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சைக்கு அனுமதி வாங்கிய பிறகு மாறினால், புது இடத்தில் அனுமதிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கதை வேறு. அங்கே டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருப்பார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓபி நாள். வேறு யூனிட்டின் நாளில் போனால் வேறு டாக்டர் பார்ப்பார். ஆனால் சீட்டில் பழைய யூனிட் பெயர் இருந்தால் திருப்பி அனுப்பலாம். அப்போது நிலைய மருத்துவ அலுவலரை, ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் காட்டுவார்கள், பார்த்துச் சொன்னால் மாற்றிக் கொடுக்க வழி உண்டு.

படி 7: புது டாக்டரிடம் முதல் முறை

போகும் முன், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ அவர் பெயரைத் தேடுங்கள். சீட்டில் பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. தெரிந்தவர்களிடம் விசாரிக்கும்போது "நல்ல டாக்டரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கேள்வி கேட்டா பதில் சொல்வாரா? போன்ல பிடிக்க முடியுமா? அவர் இல்லாத நாள்ல யார் பார்ப்பாங்க?" என்று கேளுங்கள்.

ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதுங்கள்: நோய்கள், எந்த வருடத்திலிருந்து, அறுவைகள், ஒவ்வாமை, இப்போது எடுக்கும் மருந்துகள், எந்த மருந்து எதனால் நிறுத்தப்பட்டது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். ஏன் என்றால், மாறும்போது அதிகம் நடக்கும் விபத்து இதுதான்: பழைய டாக்டர் ஒரு கம்பெனிப் பெயரில் டெல்மிசார்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரையை எழுதியிருப்பார், புதியவர் வேறு பெயரில் அதையே எழுதுவார். நிறமும் பெயரும் வேறு என்பதால் நோயாளி இரண்டையும் விழுங்குவார். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த சர்க்கரைக் கூட்டு மாத்திரைகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். "இதுல எதையெல்லாம் நிறுத்தணும்னு சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய டாக்டரைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: "அவர்கிட்ட என்னால மனசு விட்டுப் பேச முடியல." அதற்கு மேல் குற்றம் சொன்னால் புது டாக்டர் தற்காப்புக்குப் போய்விடுவார். அதோடு, மாத்திரையை விட்டது உட்பட, அங்கே மறைத்ததையெல்லாம் இங்கே முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழைய சீட்டில் உள்ள கூடுதல் டோஸையே இவரும் தொடருவார்.

எல்லாப் பரிசோதனையையும் மறுபடி எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேட்கலாம். எச்பிஏ1சி ஏறக்குறைய 3 மாதச் சராசரியைக் காட்டுவது, போன மாதம் எடுத்தது இருந்தால் பொதுவாக உடனே மறுபடி தேவைப்படாது. தைராய்டு மாத்திரை அளவு மாறிய பிறகு டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்க 6 முதல் 8 வாரம் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் எண் குழப்பும்.

பழைய டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சின்ன ஊரில், குடும்ப டாக்டர் என்றால், "பிள்ளைங்க வேற இடத்துல காட்டணும்னு சொல்றாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் முதலில் ஓடப்போவது அவர் வாசலுக்குத்தான். அவருக்கும் ஒரு கடமை உண்டு. ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் கைவிடக் கூடாது என்று அதே 2002 விதிமுறைகள் சொல்கின்றன.

புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எதிர்பார்ப்பை அளந்து கொடுங்கள். கடுமையாகப் பேசினார் என்பது மட்டும் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அங்கே சேவைக் குறைபாட்டையும் அதனால் வந்த பாதிப்பையும் நிரூபிக்க வேண்டும். பேச்சுக் குறைக்கு முதல் இடம் மருத்துவமனை நிர்வாகம். நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் என்று எழுதிக் கொடுங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ., அதற்கு மேல் டீன், மாவட்ட அளவில் நலப்பணிகள் இணை இயக்குநர். அரசின் சுகாதார உதவி எண் 104இலும் சொல்லலாம். ஆவணம் தர மறுப்பது, இரகசியத்தை வெளியிடுவது, ஒப்புதல் இல்லாமல் செய்வது போன்றவை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டிய அளவுக்கானவை. புகாரின் முடிவுக்குக் காத்திருந்து சிகிச்சையை நிறுத்திவைக்காதீர்கள், இரண்டும் தனித்தனித் தடம்.

வேறு டாக்டரே இல்லாத ஊரில்

மாவட்டத்துக்கே ஒரு சிறுநீரக நிபுணர், நடந்து போகும் தூரத்தில் ஒரே ஒரு குழந்தை மருத்துவர் என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது. அங்கே மாறு என்று சொல்வது எளிது, செய்வது கடினம். இருப்பவரிடமே உடல் பரிசோதனைக்கும் மருந்துக்கும் போய்க்கொண்டு, விளக்கத்தை வேறு இடத்தில் பெறுவது ஒரு வழி. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலுக்குப் பிறகு வீடியோவில் ஆலோசனை கேட்பது முறையான வழியாகிவிட்டது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் அதற்குக் கட்டணம் இல்லை. ரிப்போர்ட்களை முன்கூட்டியே தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த மாத்திரை எதுக்கு, எந்த அறிகுறிக்கு உடனே ஓடணும்" என்ற இரண்டைக் கேளுங்கள். மருந்தை மாற்றச் சொன்னால் அந்தச் சீட்டை நேரில் பார்க்கும் டாக்டரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். மூன்று, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பக்கத்துப் பெரிய ஊரில் ஒருவரிடம் முழுமையாகக் காட்டிவிட்டு, இடையில் உள்ளூரில் ரிவியூ வைத்துக்கொள்வதும் நடைமுறையில் ஓடும் ஏற்பாடுதான். அப்படிச் செய்தால் இரண்டு டாக்டருக்கும் ஒரே நோட்டு. இவர் எழுதியதை அவரும், அவர் எழுதியதை இவரும் பார்க்கும்படி தேதி போட்டு வையுங்கள்.